கழலை நோயும் நம் கடமையும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் இவ்வாண்டும் நாம் ஒன்றுகூடியிருக்கிறோம். இம்மேடையில் சமயம் பற்றியும் தமிழ் பற்றியும் பிள்ளைகளின் கல்வி பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு ஒரு நோயைப் பற்றிப் பேச எனக்கு இடம் தாருங்கள் என்று நிர்வாகக் குழுவினரிடம் நானே கேட்டுக்கொண்டேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளி ஆசிரியனாக இருந்தவன். ஆகவே மருந்தின் பெயரோ அளவோ என் உரையில் வராது. நம்மவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள், அந்த இடத்தில் கோயில் எப்படிக் கை கொடுக்கலாம் என்பதே என் பேச்சு.

கழலை என்றால் என்ன?

நம் உடம்பில் எலும்பையும் உள்ளுறுப்புகளையும் தோலையும் தவிர்த்துப் பார்த்தால் எஞ்சுவன கொழுப்பு, தசை, நரம்பின் உறை, இரத்தக் குழாய், இவற்றையெல்லாம் இணைத்துக் கட்டும் நார் ஆகியவை. இவற்றை மென்திசு என்பார்கள். இந்த மென்திசுவில் தோன்றும் கட்டிகளைத்தான் நம் முன்னோர் கழலை என்றனர். முதுகில், தோளில், தொடையில், கழுத்தில் உருண்டையாகத் தோன்றி, வலியில்லாமல், ஆண்டுக்கணக்கில் வளரும் கட்டிகள் இவை. இவற்றில் மிகுதியாகக் காணப்படுவது கொழுப்புக் கட்டி. அது 10 சென்டிமீட்டரையோ 1 கிலோ எடையையோ தாண்டினால் மருத்துவ நூல்கள் அதனைப் பெருங்கொழுப்புக் கட்டி என்று தனியாகப் பிரித்துச் சொல்கின்றன.

முதலில் நற்செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை உயிருக்குத் தீங்கு செய்யாதவை. தீங்கற்றவை நூறு என்றால் புற்றுநோய்க் கட்டி ஒன்று என்ற அளவில்தான் இருக்கும் என்று நூல்கள் கூறுகின்றன. அந்த ஒன்றுக்குச் சார்க்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களிலும் அது ஏறக்குறைய 1 விழுக்காடுதான்.

பிறகு ஏன் இவ்வளவு பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அந்த நூறும் இந்த ஒன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன என்பதுதான் காரணம். தடவிப் பார்த்து, “இது வெறும் கொழுப்புத்தான்” என்று அண்டை வீட்டு அக்கா சொல்லிவிட முடியாது. கோயில் குருக்கள் சொல்லிவிட முடியாது. அனுபவமுள்ள மருத்துவர்கூடப் பெரிய கட்டியைச் சோதிக்காமல் சொல்லமாட்டார்.

அடிக்கோல் போதும்

ஆனாலும் எப்போது உடனே போக வேண்டும் என்பதை அறிய நமக்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் அடிக்கோல் போதும். கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? ஏறக்குறைய ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்குள் வளர்ந்திருக்கிறதா? தோலுக்கு அடியில் வழுக்கி நகராமல் தசைக்குள் ஆழமாகப் பதிந்திருக்கிறதா? வலிக்கிறதா? முன்பு ஒருமுறை எடுத்த இடத்திலேயே மீண்டும் வந்திருக்கிறதா? இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று விடை வந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இல்லை என்பதால் பயம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சார்க்கோமாவும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால்தான் அது பெரிதாகும்வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

ஏன் மறைக்கிறோம்?

கெடா மாநிலத்தில் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பழைய ஏற்பாடு நினைவிருக்கும். விடியற்காலையில் பெரட்டு, பிறகு பால் மரம், உடம்புக்கு ஏதாவது என்றால் டிரெசர். அந்தத் தோட்டத்து டிரெசர் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனாலும் ஒவ்வொரு லயத்திலும் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். கழுத்தில் கட்டியோடு வேலைக்குப் போகும் ஒருவரை வழியில் நிறுத்தி, “என்ன இது?” என்று கேட்க ஒரு மனிதர் இருந்தார். தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. நம் மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் எனத் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். இப்போது அரசாங்கக் கிளினிக் அருகிலேயே இருக்கிறது. மருத்துவமனைகளும் முன்னைவிடப் பெரியவை. ஆனால் வழியில் நிறுத்திக் கேட்கும் மனிதர் இல்லை. அடுத்த வீட்டுக் கதவு மூடியிருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் கட்டிகள் வளர்கின்றன. தாய்மார்கள் சேலைத் தலைப்பால் மறைக்கிறார்கள். ஆண்கள் தொளதொளவென்று சட்டை போட்டுக்கொள்கிறார்கள். நாட்கூலி வாங்குபவர் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அந்த நாளின் சம்பளம் போயிற்று. மகளின் திருமணம் முடியட்டும், தைப்பூசம் முடியட்டும், பேரன் பிறக்கட்டும் என்று நாள் தள்ளிப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அச்சம் இருக்கிறது: “கத்தி பட்டால் பரவிவிடும்.”

இந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. இதில் பாதி உண்மை உண்டு. இன்ன கட்டி என்று அறியாமல் அரைகுறையாக அறுத்து எடுத்தால், எஞ்சியது மீண்டும் வளரும். சுற்றிலும் பரவவும் கூடும். ஆனால் முறைப்படி ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து, பிறகு திட்டமிட்டு முழுவதும் நீக்கினால், அதுவே காப்பாற்றும் வழி. ஆகவே குற்றம் கத்தியின்மேல் இல்லை. சோதிக்காமல் எடுத்த கத்தியின்மேல்தான் இருக்கிறது.

நான் அறிந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஓர் அம்மாள் தோள்பட்டைக்குக் கீழே இருந்த கட்டியை எட்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். படுத்தால் ஒரு பக்கமாகத்தான் படுக்க முடியும். கடைசியில் அவருடைய மருமகள் வற்புறுத்தி அழைத்துப் போனார். சோதித்தார்கள்; கொழுப்புக் கட்டி என்று தெரிந்தது. அறுவை முடிந்து சில நாட்களில் வீடு திரும்பினார். எட்டு ஆண்டுகளாக அவர் சுமந்தது கட்டியை மட்டுமன்று, புற்றுநோயோ என்ற பயத்தையும்தான். மற்றவர் பால் மரம் வெட்டியவர். தொடையில் இருந்த கட்டியை ஓரிடத்தில் சோதனை எதுவும் செய்யாமல் எடுத்தார்கள். எடுத்ததையும் ஆய்வுக்கு அனுப்பவில்லை. ஓராண்டுக்குள் அதே இடத்தில் இரு மடங்காக வந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனபோது அது சார்க்கோமா என்றார்கள். அவருடைய காலைக் காக்க முடியவில்லை. இருவர் கட்டியும் தொடக்கத்தில் ஒரே அளவாகத்தான் இருந்தது. அதனால்தான் சோதனை முதலில் என்கிறேன்.

அறுவை மருத்துவம் நடந்து வந்த பாதை

கட்டியை வேரோடு நீக்க வேண்டும் என்பது புதிய கருத்து அன்று. பாரதத்தின் பழம்பெரும் அறுவை மருத்துவரான சுசுருதர், அர்புதம் என்று அவர் அழைக்கும் கட்டியைப் பற்றி எழுதும்போது, மிச்சம் வைத்து எடுத்தால் அது மறுபடியும் வளரும் என்றும், அணைக்காமல் விட்ட நெருப்புப் போல ஆளை அழிக்கும் என்றும் எச்சரிக்கிறார். இன்றைய மருத்துவர்கள் கட்டியோடு சேர்த்துச் சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஓரளவு எடுப்பதற்கு இதே எண்ணம்தான் அடிப்படை.

ஆனால் அக்காலத்தில் வலியை வெல்ல வழியில்லை. அமெரிக்க மருத்துவர் பீட்டர் பார்க்கர் என்பவர் 1835-இல் சீனாவின் கேன்டன் நகரில் ஒரு மருத்துவமனையைத் திறந்தார். கண் நோய்க்காகத் தொடங்கிய இடம் அது. ஆனால் முகத்திலும் கழுத்திலும் மிகப் பெரிய கட்டிகளோடு ஏழை மக்கள் வரிசையாக வந்தனர். 1836-இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் நெற்றிப் பொட்டிலிருந்து அவர் ஒரு கட்டியை நீக்கினார்.  அப்போது மயக்க மருந்து என்பதே இல்லை. அந்நோயாளிகளை லாம் குவா என்னும் ஓவியர் வரைந்த படங்கள் இன்றும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1846 அக்டோபர் 16-ஆம் நாள், பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் மயக்க மருந்தை ஊரறியச் செய்து காட்டினார்கள். அன்று செய்த அறுவை என்ன தெரியுமா? ஓர் இளைஞரின் கழுத்துக் கட்டி. ஆக, உலக அறுவை மருத்துவத்தின் வரலாற்றையே மாற்றிய நாள் ஒரு மென்திசுக் கட்டியின் நாளாக அமைந்தது.

அடுத்த ஆண்டே, 1847-இல், சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் தங்கி மருத்துவம் செய்தார். தமிழ் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். அவர் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. தமிழ் மக்களுக்கு நடுவில் வேலை செய்யப் போகிறவன் தமிழிலேயே மருத்துவம் படிக்க வேண்டும் என்பதே அது. அதற்காக அவரும் அவருடைய மாணவர்களும் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினர். அறுவை மருத்துவத்துக்கென 1867-இல் வெளிவந்த நூலின் பெயர் இரண வைத்தியம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தமிழில் அறுவை மருத்துவம் படித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது ஒரு பழைய ஆசிரியனுக்கு நெஞ்சு நிமிர்கிறது.

தமிழகத்தின் தென்கோடியில் நெய்யூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1922-இல் எவரெஸ்ட் மலையேறும் குழுவில் இடம் பெற்றிருந்த ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், பயணம் முடிந்த பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் அவ்வூருக்கு வந்தார். வரிசையில் காத்திருக்கும் ஏழைகளையும், அவர்களுக்கு இருந்த மருத்துவரின் பற்றாக்குறையையும் கண்டார். இலண்டனில் தமக்காகக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து பணியாற்றினார். வசதி இருந்த இடத்தைத் தேடி அவர் போகவில்லை. தேவை இருந்த இடத்தைத் தேடி வந்தார்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உங்களில் பலர் அறிவீர்கள். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டி, 1954-இல் அதைத் தொடங்கினார். தொடக்கத்தில் இருந்தவை 12 படுக்கைகளே. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் தம் வாழ்நாளையே அங்குக் கொடுத்தார்கள். சாந்தா அம்மையாருக்கு 2005-இல் மகசேசே விருது கிடைத்தது. 2021-இல் அவர் மறையும்வரை அந்த மருத்துவமனையே அவருடைய வீடாக இருந்தது. ஒரு மாதர் சங்கம் வசூலித்த நன்கொடையில் பிறந்த மருத்துவமனை அது என்பதை அறக்கட்டளை நடத்தும் நாம் மறக்கலாகாது.

சிறிய மருத்துவமனையில் பெரிய கட்டி

பெரிய கட்டியை நீக்குவது ஏன் கடினம் என்பதையும் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டி வளர வளர அதற்கு உணவு கொண்டு வரும் இரத்தக் குழாய்களும் பருக்கின்றன. ஆகவே அறுவையின்போது இரத்தம் மிகுதியாகப் போகும். கட்டி நரம்பையும் முக்கியக் குழாய்களையும் தள்ளிக்கொண்டும் அணைத்துக்கொண்டும் இருக்கும். அவற்றைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுக்க நேரமும் பொறுமையும் வேண்டும். எடுத்த பின் அந்த இடம் குழியாக இருக்கும். அதில் நீர் கோக்காமலிருக்க ஒரு குழாய் வைத்து வடிய விடுவார்கள். மேலே மூடத் தோல் போதவில்லையென்றால் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுவார்கள். நோயாளிக்கு நீரிழிவு இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். நம்மவரிடையே நீரிழிவு எவ்வளவு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வசதி குறைந்த நாடுகளில் மருத்துவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்கள்? பெரிய ஸ்கேன் இயந்திரம் இல்லாத இடத்தில் கையால் நன்றாகத் தடவிப் பார்ப்பதும், அல்ட்ராசவுண்டும், நெஞ்சு எக்ஸ்ரேயும் உதவுகின்றன. சார்க்கோமா பெரும்பாலும் இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குத்தான் போகும் என்பதால் நெஞ்சுப் படம் அவசியமாகிறது. முழு மயக்கம் கொடுக்க வசதியில்லாத இடத்தில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்கிறார்கள். இல்லையென்றால் கெட்டமின் என்னும் மருந்தைக் கொடுக்கிறார்கள். அது நோயாளியின் மூச்சைப் பெரும்பாலும் தடுக்காது என்பதால் ஏழை நாடுகளில் பல உயிர்களைக் காத்திருக்கிறது. கைகால்களில் அறுவை என்றால் மேலே பட்டை இறுக்கி இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைப்பதும் உண்டு.

இவையெல்லாம் இருந்தும் பலருக்குக் கிடைப்பதில்லை. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை மருத்துவம் எட்டவில்லை என்று 2015-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆய்வுக் குழு கணக்கிட்டுச் சொன்னது. ஆண்டுதோறும் இன்னும் 14 கோடியே 30 இலட்சம் அறுவைகள் கூடுதலாகத் தேவை என்றும் அக்குழு கூறியது.

நம் நிலை அவ்வளவு மோசமில்லை. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அலோர் ஸ்டாரில் சுல்தானா பஹியா மருத்துவமனை 2007 முதல் இயங்குகிறது. சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை இருக்கிறது. கூலிமிலும் மருத்துவமனை உண்டு. பாலிங், சீக், யான் போன்ற சிற்றூர்களின் மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளைப் பெரிய இடங்களுக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. நம் சமுதாயத்தின் முயற்சியால் 2001-இல் தோன்றிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் மருத்துவர்களை உருவாக்குகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பினாங்கில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்கள் உள்ளன. எலும்பிலும் மென்திசுவிலும் தோன்றும் புற்றுக் கட்டிகளுக்குக் கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனை பெயர் பெற்றது.

“போனால் காலை எடுத்துவிடுவார்கள்” என்று பயப்படுபவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பர்க் என்னும் மருத்துவரின் குழு 1982-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கை அல்லது காலில் சார்க்கோமா வந்த 43 பேரில் 16 பேருக்கு அந்த உறுப்பை நீக்கினார்கள். 27 பேருக்குக் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். உயிர் பிழைப்பதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதன் பிறகு உலகெங்கும் உறுப்பைக் காக்கும் அறுவையே முதல் வழி ஆயிற்று. இன்று காலைப் பறிப்பது பெரும்பாலும் தாமதம்தான். முக்கிய நரம்பையும் குழாயையும் கட்டி விழுங்கிய பின் போய் நின்றால் மருத்துவர் என்ன செய்வார்?

கட்டியும் மானமும்

இன்னொரு நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும். உடம்பெங்கும் சிறிதும் பெரிதுமாகக் கட்டிகளோடும், சிலருக்குப் பை போலத் தொங்கும் கட்டியோடும் சிலரைப் பார்த்திருப்பீர்கள். நரம்பின் உறையில் வளரும் கட்டிகள் அவை. ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவர் இந்தக் குறையோடு பிறக்கிறார். அவர்களில் பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது. மீதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலேயே வருகிறது. இது தொற்றாது. கோயில் அன்னதானப் பந்தியில் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார யாரும் தயங்கக்கூடாது. “பூர்வ ஜென்மப் பாவம்” என்று அவர்கள் காதுபடச் சொல்வது பாவத்திலும் பாவம். அத்தகைய கட்டி ஒன்று திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, உடனே காட்டச் சொல்லி அன்போடு அனுப்ப வேண்டியது நம் கடமை.

உடன் நிற்பவன்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவர். இந்த நால்வகையில் நம்மிடம் எது குறைகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். மருத்துவர் இருக்கிறார். மருந்து இருக்கிறது. பொது மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி என்றே நீண்ட காலமாக இருந்து வருகிறது. நான்காமவர்தான் இல்லை. உடன் நிற்பவன் இல்லை.

திருநாவுக்கரசு நாயனார் சூலை நோயால் துடித்தபோது அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது; திருவதிகையில் அவருடைய தமக்கை திலகவதியார் இருந்தார். இரவோடு இரவாக அவர் வந்து விழுந்தபோது அந்த அம்மையார், “ஏன் சமயம் மாறினாய், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?” என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திருநீறு கொடுத்துக் கையைப் பற்றிக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயாளிக்கு வேண்டியது அந்தத் திலகவதியார்தான். தனியாகத் தாமானில் வாழும் ஒரு முதியவருக்கு இந்த அறக்கட்டளை திலகவதியாராக இருக்க முடியாதா?

முடியும் என்று நான் நம்புகிறேன். ஆகவே ஐந்து வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, நான் முன்னே சொன்ன ஐந்து கேள்விகளையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் அன்னதானக் கூடத்திலும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, துணைக்குப் போக ஒரு குழு வேண்டும். கார் உள்ள இளைஞர்கள் மாதம் ஒரு நாள் தந்தால் போதும். நிபுணர் கிளினிக்கில் காலையில் பதிந்து மாலைவரை காத்திருக்கும் முதியவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால், பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட மாட்டார். மருத்துவர் மலாய் மொழியில் சொல்வதைத் தமிழில் விளக்கவும், கையொப்பமிடும் தாளில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லவும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். எங்களுக்கு வேறென்ன வேலை?

மூன்றாவது, இழந்த கூலிக்கு ஒரு சிறு நிதி. அறுவைக்குப் பணம் இல்லை என்று நின்றவரைவிட, “நான் ஒரு மாதம் படுத்தால் வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது?” என்று நின்றவரே மிகுதி. அரசாங்க உதவிகளும் உண்டு. மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறார். அவரைக் காண வேண்டும். சொக்சோவில் சந்தா கட்டியவர்கள் அங்கும் விசாரிக்க வேண்டும். 2019-இல் அரசு தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்க்கு ஊக்கத்தொகையும் மருத்துவமனைப் பயண உதவியும் சேர்க்கப்பட்டன. பாரத்தை நிரப்ப ஆள் இல்லாததால் உதவி கிடைக்காமல் போகக்கூடாது. சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் நிற்கும் நம் தோட்டத்து முதியவர்களுக்குக் கட்டணம் வேறாக இருக்கும்; அவர்களை முதலில் கவனிக்க வேண்டும்.

நான்காவது, இரத்த தானம். பெரிய கட்டிக்கு அறுவை என்றால் இரத்தம் தயாராக இருந்தாக வேண்டும். நம் திருவிழாக்களில் ஒரு நாளை மருத்துவமனை இரத்த வங்கியோடு சேர்ந்து இரத்த தான நாளாக ஆக்குவோம். ஏறக்குறைய 450 மில்லிலிட்டர் இரத்தம் ஒருவரால் கொடுக்க முடிந்த காணிக்கை. உண்டியலில் போடும் காணிக்கைக்கு அது சற்றும் குறைந்ததன்று.

ஐந்தாவது, ஒரு நோட்டுப் புத்தகம். அறுவை முடிந்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. எடுத்த கட்டியின் ஆய்வு முடிவு வந்ததா என்று கேட்க வேண்டும். சார்க்கோமா என்றால் முதல் சில ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். புண் ஆறியதும் நம்மவர் போவதை நிறுத்திவிடுகிறார்கள். யாருக்கு எப்போது தேதி என்று ஒருவர் எழுதி வைத்து, முந்தின நாள் நினைவூட்ட வேண்டும். பள்ளியில் வருகைப் பதிவேடு வைத்தவர்களுக்கு இது பழகிய வேலை.

இவற்றில் எதற்கும் பெரிய கட்டடம் தேவையில்லை. இலட்சக்கணக்கில் பணமும் தேவையில்லை. இவ்வாண்டு வசூலில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது ஓராண்டு தள்ளிப் போனால் இறைவன் கோபிக்கமாட்டான். தள்ளிப் போட முடியாதது ஒருவரின் தொடையில் வளரும் கட்டிதான்.

தாய்மார்களே, நேர்த்திக்கடன் வையுங்கள், திருநீறு பூசிக்கொள்ளுங்கள். அவை மனத்துக்குத் தரும் வலிமை பெரிது. பூசிய கையோடு கிளினிக்குக்கும் புறப்படுங்கள். தனியாகப் போக அச்சமாக இருந்தால் கோயில் அலுவலகத்தில் சொல்லுங்கள். நாங்கள் உடன் வருகிறோம். இந்த உரையைக் கேட்டபின் ஒருவர், ஒரே ஒருவர், சேலைத் தலைப்பை விலக்கி மகளிடம் “இதைப் பாரம்மா” என்று காட்டினால் எனக்கு அது போதும்.

இந்த ஐந்து வேண்டுகோள்களையும் நிர்வாகக் குழு ஆராய்ந்து, அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். துணைக்குப் போகும் குழுவுக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.